எடை சொல்லாத கை

என் மடியிலிருந்து குழந்தையை வாங்கும்போதெல்லாம் அஞ்சலை அக்காவின் கை ஒரு காரியம் செய்யும். குழந்தையின் முதுகு உள்ளங்கையில் பட்டதும் கை சற்றே கீழே இறங்கும், மேலே ஏறும். இன்னொரு தரம் இறங்கி ஏறும். நின்ற இடத்திலேயே கட்டுமரம் அலையில் ஆடுமே, அப்படி. அதற்குப் பிறகுதான் தோளில் சாய்த்துக்கொள்வாள்.

பிறந்த அன்று அப்படி வாங்கியதும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாம் நாள் சிரிப்பைக் காணோம். ஆறாம் நாள் குழந்தையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். எட்டாம் நாள், வாங்கிய வேகத்திலேயே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுப்புல இன்னாவோ தீயுது" என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கத்திரி வெயில் காலம். எனக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில், என் வீட்டுக்காரரின் ஓலை வீட்டில், தலைப்பிள்ளை பெற்றுப் படுத்திருந்தேன்.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே என்று கேட்பீர்கள். எண்ணூர்ப் பக்கம் எனக்கு வீடு இருந்தது, தாய் இல்லை. "தாய் இல்லாதவ பேறுகாலம் பக்கத்து வூட்டு அடுப்பு, நெருப்பு இருக்கும், நம்ம பானை ஏறாது" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் விஷயத்தில் அந்தச் சொல் தோற்றுப்போனது. என் வீட்டுக்காரரின் அக்கா அஞ்சலை, தன் அடுப்பிலிருந்து எல்லாப் பானையையும் இறக்கிவிட்டு என் பானையை ஏற்றினாள்.

வயிற்றில் ஈயக்குண்டு

அஞ்சலை அக்கா மீன்காரி. விடியலில் கரையில் மீன் எடுத்து, கூடையில் ஐஸும் உப்பும் போட்டு, தலைச்சுமையாகவே ராயபுரம் வரை போய் விற்று வருவாள். சின்ன மீன் என்றால் கூறு கட்டி விற்பது. பெரிய மீனைக் கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர்கள் வீசைக் கணக்கில் வாங்குவார்கள். ஒரு வீசை என்பது இன்றைய கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு; அதற்கு நாற்பது பலம்.

அக்கா மீனைக் கையில் எடுத்து, இரண்டு தரம் ஏற்றி இறக்கி, எடையைச் சொல்லிவிடுவாள். தராசில் வைத்தால் அதேதான் நிற்கும்.

ஒரு முறை என் வீட்டுக்காரரும் அவருடைய தோஸ்துகளும் அவளை ஏமாற்றிப் பார்க்க நினைத்தார்கள். ஒரு கொடுவா மீனின் வாய் வழியாக, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, "எவ்ளோம்மே?" என்றார்கள்.

அக்கா தூக்கினாள். இறக்கினாள்.

"மீனு ரெண்டே கால் வீசை. வயித்துல கீற குண்டு யாருது? வலைக்காரன் தேடிகினு இருப்பான், எடுத்துக் குட்த்துடுங்கடா."

அப்படிப்பட்ட கை. ஆனால் அந்தக் கை ஒரு பொருளுக்கு மட்டும் எடை சொல்லாது. குழந்தைக்கு.

அவள் மட்டுமல்ல, எங்கள் குப்பத்தில் யாருமே குழந்தையின் எடையைப் பற்றிப் பேசக் கூடாது. 'குண்டாக இருக்கிறான்' என்றாலே துப்பச் சொல்வார்கள். தராசு என்றால் கேட்கவே வேண்டாம். "தராசு ஏறினது வூடு திரும்பாது" என்பது எங்கள் பெண்களின் சொல். யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வாழ்க்கையில் தராசு ஏறியதெல்லாம் செத்த மீன். விற்றுப்போய் யாரோ தின்ற மீன். உயிரோடு ஏறி உயிரோடு இறங்கிய ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை.

பானையின் வியர்வை

பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்பது அன்றைய சட்டம். தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், குழந்தைக்குச் சளி கட்டும் என்பார்கள். மற்றபடி ராஜ உபசாரம்தான். பூண்டு வறுத்துக் கொடுத்தார்கள். மிளகுக் குழம்பு, லேகியம், பால் சுரக்கச் சுறாப்புட்டு. தொண்டையைத் தாண்ட ஒவ்வொரு வேளைக்கும் ஒரே ஒரு மடக்கு வெந்நீர்.

கத்திரி வெயிலில், ஓலைக் கூரைக்குக் கீழே, மிளகும் பூண்டும் தின்றுவிட்டு ஒரு மடக்கு.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பட்டென்று சத்தம் வரும். வெளியே யாராவது மீன் கழுவினால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்து என்னைக் கொல்லும். மூலையில் மண்பானை ஒன்று இருந்தது. வெயில் ஏற ஏற அதன் உடம்பு வியர்க்கும். ஒரு மத்தியானம் யாரும் இல்லை என்று நினைத்துத் தவழ்ந்து போய், பானையின் பக்கவாட்டில் நாக்கை வைத்தேன். மண் வாசனையோடு ஜில்லென்று நாலு சொட்டு. இன்று ஐஸ்கிரீம் தின்கிறேன். அந்த ருசி இல்லை.

"அய்ய! இன்னாம்மே பூனை மாரி!" என்று வாசலில் ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பூங்காவனம். அவள் கண்ணில் பட்டது குப்பம் முழுவதற்கும் தெரிந்த மாதிரி. அன்று சாயங்காலமே பானை வெளியே போய்விட்டது.

குழந்தைக்கு முதல் மூன்று நாள் என் பாலைக் கொடுக்கவில்லை. மஞ்சளாக வரும் முதல் பால் கெட்ட பால் என்று பீய்ச்சி, பின்னால் இருந்த பூவரச மரத்தடியில் ஊற்றினார்கள். அவனுக்குத் துணித் திரியில் சர்க்கரைத் தண்ணீர். மூன்று நாளுக்குப் பிறகு மாரில் போட்டால் என்னிடம் இருப்பது எவ்வளவு? நாலு வாய் இழுப்பான், தூங்கிப்போவான். மறுபடி திரி.

ஏழாம் நாளிலிருந்து அவன் அழுவதையே நிறுத்திவிட்டான். வாய் மட்டும் திறக்கும், சத்தம் வராது. ஈரத் துணி மாற்றும் வேலையும் குறைந்தது.

"தங்கமான புள்ளைம்மே. வாயே தொறக்கல பாரு. என் வூட்டுது பொறந்தப்போ ஊரையே தூக்கிடுச்சி" என்று பூங்காவனம் மெச்சினாள். வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தானே எழுத வந்தேன்.

பழைய மனுஷிகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். குழந்தையை உடம்போடு ஒட்டி அணைத்து வைத்திருக்கச் சொன்னதும் அவர்கள்தான். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வேலை வாங்காதே என்று ஆண்களை அதட்டியதும் அவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தலையும் வாலும்

ஒன்பதாம் நாள் காலையில் நர்ஸம்மா வந்தார். தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கக் குப்பம் குப்பமாக நடந்து வரும் அம்மா. எஸ்தர் என்று பெயர். வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் கொக்கி போட்ட தராசும் குழந்தையைப் படுக்கவைத்துத் தொங்கவிட ஒரு தூளித் துணியும்.

தராசை வெளியே எடுத்ததுதான் தாமதம்.

"இன்னாம்மா இது? மீன் கடைன்னு நெனச்சுக்கினியா?" பூங்காவனம் வாசலை மறித்துக்கொண்டாள். "புள்ளைய கொக்கில மாட்டுவியா நீ? உள்ள வைம்மா அத்த!"

"ஒரு நிமிஷம்தாம்மா. குழந்தை ஏறியிருக்கானா, இறங்கியிருக்கானா தெரிய வேண்டாமா?"

"அதெல்லாம் சாமிக்குத் தெரியும். உனுக்கு இன்னாத்துக்கு?"

நர்ஸம்மா சண்டை போடவில்லை. தராசைப் பைக்குள் வைத்தார். குடையை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இதை நான் இன்றுவரை வியக்கிறேன். படித்தவர்கள் கோபித்துக்கொண்டு போவதைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன், உட்கார்ந்ததைப் பார்த்ததில்லை.

என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் மடிப்பாகவே நின்றது. அவர் முகம் மாறியது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை அக்கா உள்ளே வந்து, வழக்கம் போலக் குழந்தையை வாங்கினாள். கை இறங்கியது, ஏறியது. இறங்கியது, ஏறியது. நர்ஸம்மா அந்தக் கையையே பார்த்தார்.

"என்ன சொல்லுதும்மா கை?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒன்பது நாளும் நீங்கதானே தூக்குறீங்க?"

அக்கா குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள்.

"எனக்குத் தராசு வேண்டாம். உங்க கை போதும். ஏறியிருக்கானா?"

அக்கா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சந்தை விவரம் சொல்வது போலச் சொன்னாள்:

"பொறந்தன்னிக்கு ஒரு முழு வஞ்சிரம் வாங்கினேன்னு வெச்சுக்கோ. அத்தோட தலையும் வாலும் அறுத்துப் போட்டா இன்னா மிஞ்சும்? அம்மாந்தான் இப்போ என் கையில கீது."

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பூனை மாதிரி ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. அழக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை.

நர்ஸம்மா பதறவில்லை. "சரி, ரொம்பச் சரியாச் சொன்னீங்க. இப்போ அதைத் திரும்பக் கொண்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"பச்ச ஒடம்பாச்சேம்மா. வேளைக்கு ஒரு மடக்கு" என்றாள் அக்கா.

"ஒன்பது நாளாவா? இந்த வெயில்லயா?" நர்ஸம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "கிணத்துல ஊத்து இல்லேன்னா குடத்துல ஏதும்மா? இவளுக்குத் தண்ணி கொடுங்க. கொதிக்கவெச்சு ஆற வெச்சு, கேட்கிறப்பல்லாம் கொடுங்க. அந்தச் சர்க்கரைத் தண்ணித் திரியைத் தூக்கிப் போடுங்க. தூங்கினாலும் எழுப்பி, மணிக்கொரு தரம் மாரில் போடுங்க. இழுக்க இழுக்கத்தான் ஊறும். நாளைக்குக் காலையில நான் வர்றப்போ துணி நனையலேன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்."

அக்காவின் கேள்வி

அக்கா குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்து போனது என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அன்று அவளே பேசினாள். நர்ஸம்மாவைப் பார்த்துத்தான்; ஆனால் குரல் வேறு எங்கிருந்தோ வந்தது.

"என் கொயந்தையும் இப்டித்தான் எறங்கிச்சி. தெனம் தெனம் கை சொல்லிச்சி. பொறந்தன்னிக்கு நான் கரைக்கே கேக்குற மாரி கத்தினேன்மா, ரெண்டே கால் வீசை, ரெண்டே கால் வீசைன்னு. பத்தொன்பதாம் நாள் செத்துப் பூட்ச்சி. என் வாய்தான் தின்னுச்சின்னாங்க எல்லாரும். நானும் அப்டித்தான் நெனச்சிகினு கீறேன்."

சற்று நின்றாள். "நானும் அப்போ தண்ணி குடிக்கல."

அக்கா நர்ஸம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்போ என் வாய் இல்லியாம்மா?"

வேறு யாராவது இருந்தால் சட்டென்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நர்ஸம்மா யோசித்துத்தான் சொன்னார்: "அந்தக் குழந்தையை நான் பார்க்கலைம்மா. எதனால போச்சுன்னு தெரியாம சொன்னா அது பொய். ஆனா எத்தனையோ வருஷமா நூத்துக்கணக்கான குழந்தைகளை எடை போட்டுச் சத்தமா எடை சொல்லியிருக்கேன். சொன்னதால ஒரு குழந்தையும் குறைஞ்சு நான் பார்த்ததில்லை. சொல்லாம விட்டதாலதான் பார்த்திருக்கேன்."

அக்கா குழந்தையை என் மாரில் போட்டாள். வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் பெரிய பித்தளைச் சொம்பு. காய்ச்சி ஆறிய தண்ணீர். என் வேளைக்கான அந்த ஒரு மடக்கை எடுப்பதற்காகக் காலையில் போட்டு வைத்திருந்த வெந்நீர்தான். பூங்காவனம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரும்மே" என்றாள் அக்கா. சொம்பை என் வாயில் வைத்தாள். "குடி."

நான் மூச்சுவிடாமல் குடித்தேன். தாடை வழியாகக் கழுத்தில் இறங்கி மார்பு நனைந்தது. குழந்தையின் தலையிலும் நாலு சொட்டு விழுந்தது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். "இன்னும் கீது, குடி" என்று சொம்பின் அடியைத் தூக்கிப் பிடித்தாள்.

வால் வந்தது

மறுநாள் விடிவதற்குள் நான் எத்தனை சொம்பு குடித்தேனோ தெரியாது. நர்ஸம்மா வந்தபோது குழந்தையின் துணி இரண்டு நனைந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பூங்காவனம்தான் அதைக் காட்டினாள், தானே நனைத்தது போல. "தோ பாரும்மா, ரெண்டு!"

தண்ணீர் குடித்த மூன்றாம் நாள் என் ரவிக்கை தானாக நனைந்தது. அவனுக்குக் குரல் திரும்பியது. அது குரலா! ஒரு மத்தியானம் கரையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாடி, மில்லு ஷிப்டு சங்குன்னு நெனச்சுகினு வந்தேன். இவனா?" என்றார். குடும்பத்தோடு சிரித்தோம். தங்கமான பிள்ளை என்று மெச்ச அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

அக்கா தினமும் தூக்கினாள். எடை மட்டும் சொல்ல மாட்டாள். முதலில் "இன்னிக்கு வால் மொளைக்குது" என்றாள். சில நாள் கழித்து "வால் வந்துட்ச்சி". குழந்தை பிறந்து மூன்று வாரம் இருக்கும்; ஒரு காலையில் கூடையைத் தலையில் வைத்தபடியே ஒரு கையால் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தலையும் வந்துட்ச்சி, போ!" என்று தெருவில் இறங்கி நடந்தாள். அன்று அவள் போன நடையைப் பார்த்தால் தலையில் சுமை இருக்கிறதென்றே தோன்றாது.

முப்பதாம் நாள் தொட்டில் போட்டோம். சாம்பிராணிப் புகை, மஞ்சள் தண்ணீர், கேழ்வரகு அடை. குப்பத்துப் பெண்கள் வீடு கொள்ளாமல் வாசல் வரை உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மாவும் வந்திருந்தார். துணிப்பை தோளில் இருந்தது, அதைத் திறக்கவில்லை.

தொட்டிலில் போட அத்தைக்காரிதான் குழந்தையைத் தூக்க வேண்டும். அக்கா தூக்கினாள். கை இறங்கியது, ஏறியது. இரண்டாம் தரம் இறங்கியபோது அப்படியே நின்றது. பேச்சுச் சத்தமெல்லாம் தானாக அடங்கியது.

அக்கா எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். கரையில் ஏலம் கூவும் குரலில், வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ரெண்டு வீசை!"

யாரோ ஒரு கிழவி தூ தூ என்று துப்பினாள். பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை கொட்டாவி விட்டான்.

"நர்ஸம்மா, எட்த்துகினு வாம்மா உன் தராசை" என்றாள் அக்கா.

நர்ஸம்மா எழுந்தார். தூளித் துணியை விரித்து, கூரைக் கழியில் கொக்கியை மாட்டினார். அக்காவே குழந்தையை அதில் படுக்கவைத்தாள்; துணி கன்னத்தில் உரசாமல் மடித்துவிட்டாள். முள் ஆடியது. நின்றது. நர்ஸம்மா குனிந்து பார்த்தார்; தராசு காட்டிய ராத்தல் கணக்கை விரல் விட்டு வீசையாக்கிப் பார்த்தார்; மறுபடி குனிந்து பார்த்தார்.

"ரெண்டு வீசைதாம்மா. ஒரு பலம்கூட வித்தியாசமில்லை."

அக்கா தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டியபடி சொன்னாள்:

"நல்ல தராசுதாம்மா. நம்பலாம்."